டெஸ்லா சுருள் கிட்டில் மாஸ்ஃபெட்டுகள் ஏன் வெடிக்கின்றன? சுற்றும் முறையும் சோதிக்கும் வரிசையும்

திடநிலை டெஸ்லா சுருள் (உயர் அதிர்வெண்ணில் மிக உயர்ந்த மின்னழுத்தத்தை உண்டாக்கிக் காற்றில் பொறி பறக்கவிடும் கருவி) கிட் ஒன்றை வாங்கி, பலகை முழுவதையும் சால்டர் செய்து முடித்துவிட்டு, வீட்டு மின்சாரத்தில் இணைத்த கணமே ஃபியூஸோடு சேர்ந்து இரண்டு மாஸ்ஃபெட்டுகளும் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள்) வெடித்தன என்றும், புதிதாக இரண்டு வாங்கிப் பொருத்தியும் அதுவே நடந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிட்டோடு துணைச் சுருள் (பொறி கிளம்பும் உயரமான சுருள்) வரவில்லை, அதை எந்த அளவில் சுற்றுவது என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. காணொளிகளில் சிலர் பொறியை விரலால் தொடுகிறார்களே, அது பாதுகாப்பானதா என்பது மூன்றாவது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவியில் பலகையைச் சால்டர் செய்வதுதான் எளிதான பகுதி. அது இயங்குமா எரியுமா என்பதைத் தீர்மானிப்பவை, நீங்கள் கையால் சுற்றும் சுருள்களும், மின்னழுத்தத்தை ஏற்றுவதற்கு முன் எதை எந்த வரிசையில் சோதிக்கிறீர்கள் என்பதும்தான். கிட்டுடன் வரும் ஒற்றைத் தாள் குறிப்பில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த வரிசைதான்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 1891-இல் நிகோலா டெஸ்லா காட்டிய முறையில், மின்னூட்டம் பெற்ற மின்தேக்கி ஒன்று பொறி இடைவெளியின் வழியே, துணைச் சுருளைத் தூண்டும், சில சுற்றுகளே கொண்ட முதன்மைச் சுருளுக்குள் தன் ஆற்றலை இறக்கும். திடநிலைச் சுருளில் அந்த இடைவெளியும் அதன் காதைப் பிளக்கும் ஓசையும் இல்லை. டிரான்சிஸ்டர்களே முதன்மைச் சுருளை, துணைச் சுருளின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் (அது இயல்பாகவே அலையும் வேகத்தில்) நேரடியாக இயக்குகின்றன. 12 முதல் 24 வோல்ட்டில் இயங்கி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பொறி தரும் மலிவான சிறு கிட்டுகளும் இந்தக் குடும்பம்தான் என்றாலும், அவற்றில் பெரும்பாலும் ஒற்றை டிரான்சிஸ்டர்தான் அலைவை உண்டாக்குகிறது. நீங்கள் பட்டியலிட்டிருக்கும் இரண்டு ஐஆர்எஃப்பி460 மாஸ்ஃபெட்டுகள், ஃபெரைட் வளையத்தில் சுற்ற வேண்டிய கேட் (மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கால்) மின்மாற்றி, 74எச்சி14 (சமிக்ஞையைச் சதுர அலையாக்கும் ஐசி), இரண்டு கேட் டிரைவர் ஐசிகள், 555 (நேரம் அளக்கும் ஐசி) ஆகியவற்றைப் பார்த்தால் உங்களுடையது வீட்டு மின்சாரத்தில் இயங்கும் அரைப்பாலச் சுற்று. முதன்மைச் சுருளோடும் ஒத்ததிர்வு மின்தேக்கி சேர்ந்து, நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும் இரட்டை ஒத்ததிர்வு வகை வேறு. அதைப் பற்றிய குறிப்புகளை இதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

230 வோல்ட் மாறுமின்னோட்டத்தைத் திருத்தினால் உச்ச மதிப்பாகிய 325 வோல்ட் நேர்மின்னழுத்தம் கிடைக்கும். அரைப்பாலத்தில் இரண்டு மாஸ்ஃபெட்டுகளும் அந்த 325 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடரிணைப்பில் நிற்கின்றன. ஒன்று திறந்திருக்கும்போது (அதாவது கடத்தும்போது) மற்றது மூடியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கடத்தினால், வடிகட்டும் மின்தேக்கியில் சேர்ந்த ஆற்றல் முழுவதும் அவற்றின் வழியே பாயும். 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் அந்த அழுத்தத்தில் ஏறக்குறைய 53 ஜூல் இருக்கும். சிலிக்கானைப் பிளக்க அது தாராளமாகப் போதும். மின்சாரம் கொடுத்த கணமே வெடித்தது என்று நீங்கள் சொல்வதால், என் சந்தேகம் முதலில் கேட் மின்மாற்றியின் மீதுதான் விழுகிறது. அதில் மூன்று சுற்றுகள் உள்ளன: ஒன்று டிரைவரிலிருந்து வருவது, மற்ற இரண்டும் இரு கேட்டுகளுக்குப் போவது. இந்த இரண்டும் எதிர்க்கட்டத்தில், அதாவது ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி, இணைக்கப்பட வேண்டும். மூன்று கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிச் சுற்றும்போது எது எந்தக் கம்பியின் தொடக்கம் என்பது எளிதில் குழம்பிவிடும். ஒரு சுற்றின் முனைகள் மாறிவிட்டாலே இரண்டு மாஸ்ஃபெட்டுகளும் ஒரே கணத்தில் திறந்துகொள்ளும்.

இரண்டாவது முறையும் வெடித்ததற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கக்கூடும். மாஸ்ஃபெட் அழியும்போது பெரும்பாலும் டிரெயினுக்கும் (உயர் அழுத்தம் வரும் கால்) கேட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய காப்பு உடைந்து, உயர் மின்னழுத்தம் கேட் பக்கமாகப் பாய்கிறது. அங்கிருக்கும் கேட் மின்தடைகளும், கேட்டுக்கும் சோர்ஸுக்கும் (மின்னோட்டம் வெளியேறும் கால்) குறுக்கே உள்ள, கேட்டின் அழுத்தத்தை எல்லைக்குள் வைக்கும் ஜீனர் டயோடுகளும் அத்தோடு போய்விடும். சில சமயம் டிரைவர் ஐசியும் போகும். வெளித்தோற்றத்தில் இவை நன்றாகவே தெரியும். மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றினால், கேட் கட்டுப்பாடின்றி மிதந்து, புதியதும் அதே வழியில் போகும். ஆகவே மூன்றாவது இணையை வாங்கும் முன், அந்தச் சிறு பாகங்கள் ஒவ்வொன்றையும் ஒரு முனையைக் கழற்றி மீட்டரால் அளந்துவிடுங்கள்.

வாங்கும் மாஸ்ஃபெட் உண்மையானதா என்பதையும் பார்க்க வேண்டும். ஐஆர்எஃப்பி460 என்று மேலே அச்சிட்டு, உள்ளே சிறிய சில்லை வைத்து விற்பது பரவலாக நடக்கிறது. உண்மையான பாகம் 500 வோல்ட், 20 ஆம்பியர் தாங்கும். அதன் உள்ளீட்டு மின்தேக்குத்திறன் 4,200 பிக்கோஃபாரட் அளவில் இருக்கும். மலிவான பாகச்சோதனைக் கருவியே கேட் மின்தேக்குத்திறனைக் காட்டிவிடும். அது 1,000 அல்லது 1,500 என்று காட்டினால், விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

கேட் மின்மாற்றிக்கு வருவோம். பழைய கணினி மின்வழங்கியிலிருந்து எடுத்த மஞ்சள் வெள்ளை நிற வளையம் கையில் இருக்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்திவிடாதீர்கள். அது இரும்புத்தூள் வளையம். இந்த வேலைக்கு வேண்டிய காந்த உட்புகுதிறன் அதற்கு இல்லை என்பதால் சதுர அலை சரிந்து, உருக்குலைந்து கேட்டை அடையும். கிட்டில் வந்த ஃபெரைட் வளையமே சரியானது. கணினி வலைப்பின்னல் கேபிளிலிருந்து மூன்று வெவ்வேறு நிறக் கம்பிகளை உருவி, நெருக்கமாக முறுக்கி, பத்து முதல் பன்னிரண்டு சுற்று சுற்றினால் போதும். நிறம் வேறுபடுவதால் முனைகளும் குழம்பாது.

சுற்றி முடித்ததும் வீட்டு மின்சாரத்தை மறந்துவிட்டு, டிரைவர் பகுதிக்கு மட்டும் 12 வோல்ட் கொடுங்கள். சுருளின் அலைவை உணர்ந்து பின்னூட்டம் வரும் இடத்தில், சமிக்ஞை இயற்றி ஒன்றிலிருந்து 340 கிலோஹெர்ட்ஸ் (சுருளின் ஒத்ததிர்வு அதிர்வெண்; கணக்கு கீழே) சதுர அலையைச் செலுத்தி, இரண்டு கேட்டுகளையும் ஆசிலோஸ்கோப்பில் ஒருசேரப் பாருங்கள். மேல் மாஸ்ஃபெட்டின் சோர்ஸும் கீழ் மாஸ்ஃபெட்டின் சோர்ஸும் வெவ்வேறு புள்ளிகள் என்பதால், இரண்டு புரோபுகளின் தரைக் கிளிப்புகளையும் ஒரே சமயத்தில் மாட்டுவது உயர் அழுத்தம் இல்லாத இந்த நிலையில் மட்டுமே செய்யத்தக்கது. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போக வேண்டும். உயரம் குறைந்தது 10 வோல்ட் இருக்க வேண்டும். ஏறும்போது எழும் அதிர்வு 20 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, அதுதான் கேட்டின் தாங்கும் எல்லை. இரண்டு அலைகளும் சுழியைக் கடக்கும் இடத்தில், இரண்டும் மூடியிருக்கும் சிறிது ஓய்வு நேரம் தெரிவது நல்லது. அதற்காகத்தான் கேட்டில் 5 முதல் 10 ஓம் மின்தடையையும், அதற்குக் குறுக்கே ஒரு வேக டயோடையும் வைக்கிறார்கள்: திறப்பது சற்றுத் தாமதமாகவும் மூடுவது உடனடியாகவும் நடக்கும். இந்தப் படம் திரையில் சரியாக வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். கடன் வாங்கியாவது ஒரு ஆசிலோஸ்கோப் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதற்காகத்தான். மீட்டரை வைத்து இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

இனி துணைச் சுருள். 75 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள பிவிசி குழாயில், 36 கேஜ் (எஸ்டபிள்யூஜி) எனாமல் செப்புக்கம்பியை ஒற்றை அடுக்காக, ஒன்றை ஒன்று தொட்டும் ஏறாமலும், 1,000 சுற்று சுற்றுங்கள். எனாமலோடு சேர்ந்து சுருளின் உயரம் ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் வரும். தேவைப்படும் கம்பியின் நீளம் 236 மீட்டர். எடையோ 65 கிராமுக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். மோட்டார் வைண்டிங் கடைகளில் இந்தக் கம்பியை எடையில்தான் விற்பார்கள், ஆகவே 100 கிராம் கேட்டால் அறுந்துபோவதற்கும் சேர்த்துப் போதும். கரி கலந்த கறுப்புக் குழாய்கள் வேண்டாம். உயர் அதிர்வெண்ணில் அவை ஆற்றலை விழுங்கும். குழாயின் உள்ளே எந்தக் கம்பியையும் கொண்டுபோகாதீர்கள். மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இடையே பொறி குழாய்க்குள் பாய்ந்தால் சுருள் முடிந்தது. சுற்றி முடித்ததும் இரு முனைகளுக்கும் இடையே 130 முதல் 140 ஓம் இருக்கிறதா என்று அளந்து, வார்னிஷ் இரண்டு மூன்று பூச்சுப் பூசி, ஒவ்வொன்றையும் நன்றாகக் காயவிடுங்கள்.

இந்த அளவுகளை நான் ஏதோ பழக்கத்தில் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒற்றை அடுக்குச் சுருளுக்கான வீலர் வாய்பாட்டின்படி இதன் மின்தூண்டல் எண் ஏறக்குறைய 21 மில்லிஹென்றி. சுருளுக்குத் தானாகவே உள்ள மின்தேக்குத்திறன், உயரம் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு உள்ள இந்த வடிவத்துக்கு, 4.6 பிக்கோஃபாரட் அளவில் வரும். இவை இரண்டை மட்டும் கொண்டால் ஒத்ததிர்வு 500 கிலோஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். அந்த வேகத்தில் ஐஆர்எஃப்பி460 போன்ற பெரிய மாஸ்ஃபெட்டுகள் திணறும். உச்சியில் 15 சென்டிமீட்டர் வெளிவிட்டமும் 4 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள உலோக வளையத்தை வைத்தால் இன்னும் ஐந்து பிக்கோஃபாரட் சேர்ந்து, அதிர்வெண் 340 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். அதாவது அந்த உச்சி வளையம் அழகுக்காக வைக்கப்படுவது அன்று; மாஸ்ஃபெட்டுகளின் சூட்டைக் குறைப்பதும் அதுதான். வளையம் கிடைக்காவிட்டால் இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களை வாயோடு வாய் வைத்துப் பொருத்தியும் பார்க்கலாம், ஆனால் அதிர்வெண் மாறும். எதை வைத்தாலும் அதன் மேல் ஓர் ஊசி முனை நீட்டிக்கொண்டிருக்கட்டும். பொறி கிளம்ப அப்படி ஓர் இடம் இல்லாவிட்டால் மின்னழுத்தம் மேலும் மேலும் ஏறி, கடைசியில் முதன்மைச் சுருளின் மீதே பாயும்.

முதன்மைச் சுருளைப் பொறுத்தவரை, தொடங்குபவர்கள் எல்லோரும் சுற்றுகளைக் குறைத்தால் பொறி நீளும் என்று கேள்விப்பட்டு நான்கு ஐந்து சுற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். பொறி நீளும் என்பது உண்மைதான், மாஸ்ஃபெட் உயிரோடு இருந்தால். 90 மில்லிமீட்டர் குழாயில் தடித்த காப்புக் கம்பியால் எட்டுச் சுற்று சுற்றினால் மின்தூண்டல் எண் ஏறக்குறைய 8 மைக்ரோஹென்றி வரும். அரைப்பாலம் தரும் 160 வோல்ட் சதுர அலைக்கு, 340 கிலோஹெர்ட்ஸில், அதன் வழியே இருபுறமும் 14 ஆம்பியர் உச்சம் ஓடும். சுற்றைப் பாதியாக்கினால் மின்தூண்டல் எண் நான்கில் ஒன்றாகி, மின்னோட்டம் 50 ஆம்பியரைத் தாண்டும். ஆகவே பத்துச் சுற்றில் தொடங்கி, எல்லாம் சீராக ஓடுவதைக் கண்ட பின் ஒவ்வொன்றாகக் குறையுங்கள். துணைச் சுருளின் அடிப்பகுதியில், அதனோடு தொடாமல், இரண்டுக்கும் நடுவே நல்ல காப்பு இருக்கும்படி முதன்மைச் சுருளை நிறுத்த வேண்டும்.

துணைச் சுருளின் கீழ் முனையில் ஓடும் மின்னோட்டத்தை ஒரு சிறு ஃபெரைட் வளையமோ, அருகே நிறுத்திய ஒரு சிறு கம்பியோ உணர்ந்து 74எச்சி14-க்கு அனுப்ப, அது டிரைவர்களை இயக்குகிறது. ஊஞ்சல் திரும்பும் கணம் பார்த்துத் தள்ளுவது போல, சுருளே தனக்கு வேண்டிய நேரத்தைச் சொல்லிவிடுவதால், கையை அருகே கொண்டுபோய் அதிர்வெண் சற்று மாறினாலும் சுற்று அதைப் பின்தொடரும். ஆனால் திசை தலைகீழாக இருந்தால் ஒவ்வொரு தள்ளலும் அலைவை அடக்கும். சுருள் உயிர்பெறவே பெறாது. இதைக் கண்டறிய வீட்டு மின்சாரம் தேவையில்லை. மின்னோட்டத்தை ஓர் ஆம்பியருக்குக் கட்டுப்படுத்திய 30 வோல்ட் மின்வழங்கியை பாலத்துக்குக் கொடுத்து, அருகில் ஒரு சிஎஃப்எல் விளக்கைப் பிடியுங்கள். ஒளிர்ந்தால் திசை சரி. இல்லையென்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு முதன்மைச் சுருளின் இரு முனைகளை மாற்றிக் கொடுத்து மறுபடி பாருங்கள்.

அது தேறிய பிறகே வீட்டு மின்சாரம். முதல்முறை, 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு, வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்மாற்றி) இருந்தால் அதன் வழியாக, மெல்ல ஏற்றுங்கள். பாலத்தில் எங்கேனும் குறுக்கிணைப்பு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், மாஸ்ஃபெட் தப்பிக்கும். பல்பு மங்கலாகவே இருந்து உச்சியில் சிறு பொறி தெரிந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். இந்தக் கட்டத்திலிருந்து ஆசிலோஸ்கோப்பின் தரைக் கிளிப்பைப் பாலத்தின் எந்தப் புள்ளியிலும் மாட்டக் கூடாது. அது மின்வாரிய நிலமுனையோடு இணைந்திருப்பதால், மாட்டிய இடத்திலேயே குறுக்கிணைப்பு உண்டாகும். அளந்தே தீர வேண்டுமென்றால் பாலத்துக்குத் தனிமைப்படுத்தும் மின்மாற்றி வேண்டும்.

555 செய்வது, இந்த அலைவை நொடிக்குச் சில முறை மட்டும் திறந்து மூடுவது. 200 மைக்ரோநொடி திறந்தாலே 340 கிலோஹெர்ட்ஸில் 68 அலைவுகள் ஓடிவிடும். தொடக்கத்தில் அந்த அளவும் நொடிக்கு 10 முறையும் வைத்துக்கொண்டு, ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பார்க்க ஆசை வந்தால் பிளக்கைப் பிடுங்கி மின்தேக்கி வடிந்த பின் தொட்டுப் பார்த்து, படிப்படியாகக் கூட்டலாம். ஒரு நொடியில் சுருள் ஓடும் மொத்த நேரம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது மாஸ்ஃபெட்டுகளுக்கு நல்லது. இசை வேண்டுமென்றால், திறந்து மூடும் வேகத்தை 440 ஹெர்ட்ஸ் ஆக்கினால் பொறியே அந்தச் சுரத்தை எழுப்பும். திறப்பு நேரத்தை மட்டும் அதற்கேற்பக் குறைத்துவிடுங்கள். எல்லாம் பொருந்தினால் இந்த அளவுச் சுருளிலிருந்து 10 முதல் 20 சென்டிமீட்டர் வரை பொறியை எதிர்பார்க்கலாம். அதற்குமேல் ஒரு முழம், இரண்டு முழம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் நம்ப வேண்டாம்.

தொடுவதைப் பற்றி. உயர் அதிர்வெண் மின்னோட்டம் தோலின் மேலேயே ஓடிவிடும், ஆகவே ஆபத்தில்லை என்று சொல்லப்படுவது தவறு. அந்த விளைவு செம்பில் உண்மை. 340 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் 0.11 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் உடல் தசையின் கடத்துதிறன் செம்பை நோக்க மிகமிகக் குறைவு என்பதால் அதே கணக்கு அங்கே ஒரு மீட்டருக்கும் அதிகமான ஆழத்தைத் தருகிறது. மின்னோட்டம் உடலுக்குள்தான் ஓடுகிறது. அதிர்ச்சி உறைக்காததற்குக் காரணம், நரம்புகள் அவ்வளவு வேகமான அலைக்கு எதிர்வினை காட்டாததே. வலி தெரியாமலேயே விரலில் ஆழமான தீக்காயம் ஏற்படும். அதைவிடப் பெரிய ஆபத்து, பொறி துணைச் சுருளிலிருந்து முதன்மைச் சுருளுக்குப் பாய்ந்து வழி உண்டாக்கிக்கொண்டால், அதன் வழியே வீட்டு மின்சாரம் உங்கள் உடலை அடையக்கூடும் என்பது. அப்போது உயிரே போகலாம். ஆகவே உங்களுடைய சுருளின் பொறியைத் தொடாதீர்கள். இதயமுடுக்கி, காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்கள் அந்த அறைக்கே வர வேண்டாம். கைபேசியும் கணினியும் தள்ளி இருக்கட்டும். பொறி ஓசோனையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் உண்டாக்குவதால் சன்னல்களைத் திறந்துவையுங்கள்.

வடிகட்டும் மின்தேக்கிக்குக் குறுக்கே 47 கிலோஓம், 5 வாட் மின்தடையை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். அது இருந்தாலும் 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்க ஒன்றரை நிமிடம் ஆகும்; மீட்டரால் பார்த்த பிறகே கை வையுங்கள். துணைச் சுருளின் கீழ் முனையை வீட்டு பிளக்கின் நிலமுனையில் இணைக்க வேண்டாம், உயர் அதிர்வெண் மின்னோட்டம் வீடு முழுவதும் பரவி மற்றக் கருவிகளைக் கெடுக்கும். வெளியே ஈரமண்ணில் தனியாக ஒரு கம்பியை அடித்து இணையுங்கள். மாடியில் இருந்தால் சுருளுக்கு அடியில் தரையில் விரித்த பெரிய உலோகத் தகடு ஓரளவு உதவும். சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள் நிறைய இருக்கும். 340-இன் மூன்று மடங்கு 1,020 கிலோஹெர்ட்ஸ், அதாவது மத்திய அலை வானொலியின் நடுவே. அக்கம்பக்கத்தில் யாரேனும் வானொலி கேட்கும் நேரத்தில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள்.

கேட் மின்மாற்றியைப் புதிதாகச் சுற்றி, சிறு பாகங்களைச் சோதித்து, 12 வோல்ட்டில் கேட் அலைகளைப் பார்த்த பின்னும் அவை சரியாக வரவில்லையென்றால், ஃபெரைட் வளையத்தின் அளவு, சுற்று எண்ணிக்கை, டிரைவர் ஐசியின் எண் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். திரையில் தெரியும் அலையின் படத்தையும் சேர்த்து அனுப்பினால், பிழை எங்கே என்று பெரும்பாலும் அதிலிருந்தே சொல்லிவிடலாம்.